செம்மறியில் சினை தங்குவதும் நழுவுவதும்: முதல் முப்பது நாள்

கேள்வி கேட்டவர் மேச்சேரி இனச் செம்மறி ஆடு வளர்ப்பவர். 40 பெட்டைகளுக்கு ஒரு கிடா விட்டிருக்கிறார். எந்தப் பெட்டையைக் கிடா எந்த நாளில் சேர்ந்தது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதில் 6 பெட்டைகள் 17-ம் நாள் வாக்கில் மறுபடி பருவத்துக்கு வந்தன. இன்னும் 3 பெட்டைகள் 26 முதல் 29 நாளுக்குள் வந்தன. கிடா விட்ட மூன்றாவது வாரம் பட்டி முழுவதற்கும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை ஊற்றியிருக்கிறார். அதே வாரம் வயல் உரத்துக்குக் கிடை போடுவதற்காக ஆடுகளை லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவர் கேட்பது மூன்று. கரு கருப்பையில் பதியாமல் போய்விட்டதா? பதிய வைக்க ஊசி ஏதும் உண்டா? 17 நாளில் திரும்புவதும் 27 நாளில் திரும்புவதும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. 17-ம் நாளில் திரும்பிய பெட்டையின் உடம்புக்குக் கரு என்று ஒன்று இருந்த சேதியே போய்ச் சேரவில்லை. 27-ம் நாளில் திரும்பியதற்கு அந்தச் சேதி போய்ச் சேர்ந்தது, உடம்பும் சினைக்குத் தயாராகிவிட்டது, அதற்குப் பிறகுதான் கரு போயிருக்கிறது. கேள்வியிலேயே இந்த இரண்டு எண்களையும் பிரித்து எழுதியிருக்கிறார். அந்த நோட்டு இல்லாவிட்டால் நான் பொதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

செம்மறியின் பருவச் சுழற்சி சராசரியாக 17 நாள். பருவம் ஒரு நாள், ஒன்றரை நாள் நீடிக்கும். அதன் முடிவை ஒட்டித்தான் முட்டை வெளியாகும். கருக்குழாயின் மேல்பகுதியில் முட்டையும் விந்தணுவும் சேர்கின்றன. அங்கிருந்து கரு கருப்பைக்குள் இறங்க மூன்று நான்கு நாள் ஆகும். இறங்கும்போது 8 அல்லது 16 செல்தான் இருக்கும். 6, 7-ம் நாளில் நடுவில் நீர் கோத்த உருண்டையாகிறது. 8, 9-ம் நாளில் தன்னைச் சுற்றியிருந்த உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. அப்போது அதன் குறுக்களவு 0.2 மில்லிமீட்டர். உப்புக்கல்லை விடச் சிறியது.

இந்த நாட்களில் கரு எதிலும் ஒட்டியிருப்பதில்லை. கருப்பை சுரக்கும் நீரில் மிதக்கிறது, அதையே உண்கிறது. எந்த அளவுக்குத் தனித்து நிற்கும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குச் செம்மறிக் கருக்களை அனுப்ப வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அவற்றை ஒரு முயலின் கருக்குழாய்க்குள் வைத்து விமானத்தில் ஏற்றினார்கள். அங்கே எடுத்துச் செம்மறிகளுக்குள் வைத்தார்கள், குட்டிகள் பிறந்தன. 1962-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. முதல் வாரத்துக் கருவுக்குத் தாயின் கருப்பைச் சுவர் இன்னும் தேவைப்படவில்லை என்பது இதில் தெரிகிறது.

ஆனால் தாயின் உடம்பில் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. கதையின் முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முட்டை வெளியேறிய இடத்தில், சினைப்பையின் மேல், ஒரு சிறு கட்டி வளரும். கார்பஸ் லூட்டியம் என்பார்கள், தமிழில் மஞ்சள் உடல். (மாட்டில்தான் அது மஞ்சள். செம்மறியில் வெட்டிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்கும்.) புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரப்பது இதன் வேலை. புரோஜெஸ்டிரான் இருக்கும்வரை கருப்பை அமைதியாக இருக்கும், சுரப்பிகள் கருவுக்கு ஊட்டம் சுரக்கும், பெட்டை கிடாவை அண்டவிடாது. சினை இல்லாத பெட்டையில் 14-ம் நாள் வாக்கிலிருந்து கருப்பையே இந்த மஞ்சள் உடலை அழிக்கத் தொடங்குகிறது. கருப்பையின் உள்தோலில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை வாங்கும் ஏற்பிகள் முளைக்கின்றன. ஆக்சிடோசின் வந்து தொட்டதும் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அலை அலையாக வெளியேற்றுகிறது. அந்த அலைகள் மஞ்சள் உடலைக் கரைத்துவிடும். புரோஜெஸ்டிரான் விழும், அடுத்த முட்டை முதிரும், 17-ம் நாள் பெட்டை கிடாவைத் தேடும்.

இதில் ஓர் அமைப்பைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். கருப்பையிலிருந்து வெளியேறும் சிரையின் மேல், சினைப்பைக்குப் போகும் தமனி அவரைக்கொடி பந்தலில் சுற்றியது போல வளைந்து வளைந்து ஒட்டிக் கிடக்கும். புரோஸ்டாகிளாண்டின் பொது இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போனால் பெரும்பகுதி அங்கேயே அழிந்துவிடும். அதனால் அது சிரையிலிருந்து பக்கத்துத் தமனிக்குள் கசிந்து, குறுக்கு வழியில் சினைப்பைக்குப் போய்ச் சேர்கிறது. இந்தப் பொருள் புரோஸ்டாகிளாண்டின்தான் என்று செம்மறியில் உறுதிசெய்தது 1972-ல், மெக்ராக்கனும் அவருடைய குழுவும். கருப்பையையே எடுத்துவிட்ட செம்மறியில் மஞ்சள் உடல் இரண்டு வாரத்தில் சாவதில்லை. ஒரு சினைக்காலம் அளவுக்கு, மாதக்கணக்கில், உயிரோடிருக்கும். அதை அழிக்கும் வேலை கருப்பையினுடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அப்படியானால் கரு பிழைக்க வேண்டுமென்றால் 14-ம் நாளுக்கு முன்பே "நான் இருக்கிறேன்" என்று கருப்பைக்குச் சொல்லியாக வேண்டும். எந்த நாளுக்குள்? இதைக் கண்டறிந்தவர்கள் கேம்பிரிட்ஜில் இருந்த மூரும் ரௌசனும், 1966-ல். சினையான செம்மறிகளின் கருப்பையிலிருந்து வெவ்வேறு நாட்களில் கருவை எடுத்துப் பார்த்தார்கள். 12-ம் நாளோ அதற்கு முன்போ எடுத்தால் பெட்டை சினையே ஆகாதது போல வழக்கமான நாளில் பருவத்துக்கு வந்தது. 13-ம் நாளிலோ பிறகோ எடுத்தால் மஞ்சள் உடல் வழக்கத்தை விட அதிக நாள் வாழ்ந்தது, பருவம் தள்ளிப்போனது. மறுபக்கமாகவும் செய்தார்கள். சினையில்லாத பெட்டைக்குள் கருவை வைத்தால், 12-ம் நாள்வரை வைத்தது சினையாக நின்றது. அதற்குப் பிறகு வைத்தது காலம் கடந்த கதை.

12-க்கும் 13-க்கும் நடுவில் அப்படி ஒரு கோடு இருக்கிறது. உங்கள் 6 பெட்டைகள் கோட்டுக்கு இந்தப் பக்கம், 3 பெட்டைகள் அந்தப் பக்கம்.

கரு எதைக் கொண்டு பேசுகிறது என்பது பிறகு தெரியவந்தது. 1979-ல் பிரான்ஸில் மார்ட்டாலும் குழுவினரும் கருவின் வெளித்தோல் சுரக்கும் ஒரு புரதம்தான் மஞ்சள் உடலைக் காக்கிறது என்று காட்டி, அதற்கு ட்ரோஃபோபிளாஸ்டின் என்று பெயர் வைத்தார்கள். 1987-ல் அதன் அமினோ அமில வரிசையைப் படித்தபோது அது இன்டர்ஃபெரான் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. இன்டர்ஃபெரான் என்றால் வைரஸ் தாக்கும்போது உடம்பு சுரக்கும் பொருள் என்றுதான் அதுவரை அறிந்திருந்தார்கள். அதே குடும்பத்துப் புரதத்தை அசைபோடும் விலங்குகளின் கரு தன் தாயிடம் பேசப் பயன்படுத்துகிறது. இன்று அதன் பெயர் இன்டர்ஃபெரான் டாவ். செம்மறியில் 10-ம் நாள் வாக்கில் சுரக்கத் தொடங்கி, 14 முதல் 16 நாளில் உச்சம் தொட்டு, மூன்று வாரத்துக்குப் பிறகு நின்றுபோகிறது. அது மஞ்சள் உடலை நேராகத் தூக்கி நிறுத்துவதில்லை. கருப்பையின் உள்தோலில் ஆக்சிடோசின் ஏற்பிகள் முளைக்க விடாமல் தடுக்கிறது. ஏற்பி இல்லாவிட்டால் அலை இல்லை, அலை இல்லாவிட்டால் அழிவு இல்லை.

ஆனால் 0.2 மில்லிமீட்டர் உருண்டை ஒன்று ஒரு மூலையில் மிதந்துகொண்டு இவ்வளவு பெரிய கருப்பை முழுவதற்கும் எப்படிச் சேதி சொல்லும்? நீண்டுதான்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு செய்முறை வகுப்பு. இறைச்சிக்கூடத்திலிருந்து செம்மறிக் கருப்பைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றின் கொம்பில் (கருப்பையின் இரண்டு கிளைகளில் ஒன்று) ஊசியால் உப்புநீர் ஏற்றி, மறுமுனையில் கண்ணாடித் தட்டில் பிடித்தோம். முதலில் கலங்கலாக நீர் மட்டும் வந்தது. பிறகு இடியாப்பத்தை விட மெல்லியதாக, கண்ணாடி போன்ற வெண்மையில், ஓர் இழை சரிந்து விழுந்து சுருண்டது. சளி என்று நினைத்து ஒருவன் எடுத்துப் போடப் போனான். ஆசிரியர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். இழையைத் தண்ணீரிலேயே மெல்ல நீட்டினார். என் சாண் அளவு வந்தது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கடுகின் பாதியளவு ஒரு மங்கிய புள்ளி. "இதுதான் குட்டி. மற்றதெல்லாம் நஞ்சுக்கொடியாகப் போவது. இருந்தால் பதினைந்து நாள் இருக்கும்" என்றார். அந்தப் பெட்டை சினை என்று அறுத்தவருக்கும் தெரிந்திருக்காது, வளர்த்தவருக்கும் தெரிந்திருக்காது. இந்த வேலைக்கு நான் வந்ததில் அந்தத் தட்டுக்குப் பங்குண்டு.

10-ம் நாள் அரை மில்லிமீட்டர், அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டர். 14-ம் நாள் சுமார் 10 சென்டிமீட்டர். 17-ம் நாள் 25 சென்டிமீட்டருக்கும் மேல். ஒற்றைக் கருவாக இருந்தால் ஒரு கொம்பில் தொடங்கி எதிர்க் கொம்புக்குள்ளும் போய்விடும். சேதி சொல்லும் புரதத்தைச் சுரப்பது இந்த இழையின் தோல்தான். இழை நீளாவிட்டால் புரதம் போதாது, புரதம் போதாவிட்டால் கருப்பை தன் வழக்கமான வேலையைச் செய்துவிடும்.

நீள்வதற்குத் தீனி வேண்டும். அதைக் கொடுப்பது கருப்பைச் சுரப்பிகள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர், பேசர் ஆகியோரின் குழு 2000-களின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தது. பிறந்ததிலிருந்தே பெண்குட்டிகளுக்குப் புரோஜெஸ்டிரான் போன்ற மருந்தைக் கொடுத்து வளர்த்தால் அவற்றின் கருப்பையில் சுரப்பிகளே உருவாவதில்லை. வளர்ந்த பிறகு அவை பருவத்துக்கு வந்தன, கிடா சேர்ந்தது, கருவும் உண்டானது. ஆனால் 14-ம் நாள் கழுவிப் பார்த்தால் இழை இல்லை. கரு இல்லை, அல்லது வளராமல் நின்றுபோயிருந்தது. சினை ஒன்றுகூட நிற்கவில்லை. இந்தச் சுரப்பு புரோஜெஸ்டிரானை நம்பியிருக்கிறது. புரோஜெஸ்டிரானின் அளவு நீங்கள் போடும் தீவனத்தாலும் மாறும். அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது உங்கள் முதல் கேள்வி: பதிதல். மனிதக் கருவுக்கு அந்தச் சொல் பொருந்தும். அது முட்டை கருவுற்ற ஒரு வாரத்தில் கருப்பைச் சுவரைத் துளைத்து உள்ளே புதைந்துகொள்ளும். செம்மறிக் கரு எப்போதுமே புதைவதில்லை. ஒட்டுகிறது, அவ்வளவுதான். 15-ம் நாள் வாக்கில் இழையின் தோல் கருப்பைத் தோலை உரசிக்கொண்டு படுக்கிறது. சுரப்பிகளின் வாய்க்குள் சிறு விரல்களை நீட்டிப் பிடித்துக்கொள்கிறது. 16-ம் நாளிலிருந்து ஒட்டு இறுகுகிறது. கருவின் தோலில் இரட்டை உட்கரு கொண்ட செல்கள் தோன்றி, தாயின் தோல் செல்களோடு கலந்து ஒன்றாகின்றன. பிறகு வாரக்கணக்கில் கொடி உருவாகிறது.

ஒட்டும் இடங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். சினையாட்டின் கருப்பையைத் திறந்தால் உள்ளே குழிந்த பொத்தான்கள் போல வரிசையாக இருக்கும். ஒரு கருப்பையில் 70 முதல் 100 வரை. சினை இல்லாதபோதும் அவை சிறு மேடுகளாக இருக்கும். கரு வந்ததும் அதன் தோல் அவற்றில் மட்டும் கிளைவிட்டு இறங்கும். தாயின் இரத்தத்துக்கும் குட்டியின் இரத்தத்துக்கும் நடுவே திசு அடுக்குகள் இருப்பதால் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கடந்து போக முடியாது. குட்டி வெறுங்கையோடுதான் பிறக்கிறது. பிறந்த உடனே சீம்பால் கொடுங்கள் என்று நாங்கள் தொண்டை வற்றக் கத்துவதற்கு வேர் இந்த மேலோட்டமான ஒட்டில் இருக்கிறது.

ஆக, ஒட்டுவது 15, 16-ம் நாளில். பிழைப்பதா போவதா என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. செம்மறியில் கருவுற்ற முட்டைகளில் ஏறக்குறைய கால் பங்கு அழிந்துபோகிறது. அதில் பெரும்பகுதி 18 நாளுக்குள்.

உங்கள் பட்டிக்கு வருகிறேன். 40-ல் 6 பெட்டைகள் 17-ம் நாளில் திரும்பியதில் கவலைப்பட ஒன்றுமில்லை. முட்டை கருவுறாமல் இருந்திருக்கலாம், கருவுற்று 12 நாளுக்குள் அழிந்திருக்கலாம். வெளியிலிருந்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. 40-ல் 20 திரும்பியிருந்தால் முதலில் கிடாவைத்தான் சோதிக்கச் சொல்வேன். விந்து உருவாக ஏழு வாரம் ஆகும். ஆகவே இன்று கிடாவுக்குக் காய்ச்சல் கண்டாலோ கடும் வெயிலில் வாடினாலோ அதன் விளைவு அடுத்த சில வாரங்களில் வந்து நிற்கும்.

26 முதல் 29 நாளில் வந்த 3 பெட்டைகள் வேறு. இரண்டு சுழற்சி என்றால் 32, 34 நாளில் வந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு பருவத்தை நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால்கூடக் கணக்கு 27-ல் விழாது. கரு 13-ம் நாளைத் தாண்டி வாழ்ந்து, பிறகு போயிருக்கிறது. நோட்டின்படி அந்த மூன்றும் முதல் மூன்று நான்கு நாளில் கிடா சேர்ந்தவை. மருந்து ஊற்றி லாரி ஏற்றிய வாரத்தில் அவற்றின் கருவுக்கு 18, 20 நாள் வயது. அதாவது ஒட்டத் தொடங்கி சில நாள்தான். காரணம் இதுதான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் செம்மறிக்குக் கொடுக்கவே கூடாது. கரு சாகலாம், பிழைத்தாலும் குட்டி ஊனமாகப் பிறக்கலாம். கிடாவைப் பட்டியிலிருந்து பிரித்து 30 நாள் ஆகும்வரை அதைத் தொடாதீர்கள். குடற்புழு நீக்கத்தைக் கிடா விடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இடையில் கட்டாயம் வேண்டுமென்றால் கால்நடை மருத்துவரிடம் சினைக்கணக்கைச் சொல்லி வேறு மருந்து கேளுங்கள். எந்த ஊசி போடுவதற்கு முன்பும் கிடா விட்ட தேதியைச் சொல்லிவிடுங்கள். புரோஸ்டாகிளாண்டின் ஊசி ஒன்று போதும், மேலே சொன்ன அழிவை அது தானே செய்துவிடும்.

பதிய வைக்க ஊசி உண்டா என்றால், நம்பிச் சொல்லும்படி ஒன்றுமில்லை. 12-ம் நாளில் ஹார்மோன் ஊசி போட்டுப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஒரு பட்டியில் பலன், இன்னொன்றில் இல்லை. அந்தக் காசைத் தீவனத்தில் போடுங்கள். ஆனால் அளவோடு. கிடா விடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து அடர்தீவனம் சேர்ப்பது முட்டைக்கு நல்லது. சேர்ந்த பிறகு அதைத் திடீரென்று நிறுத்துவதும் தவறு, இரட்டிப்பாக்குவதும் தவறு. பட்டினி போட்டால் கரு வாடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மிதமிஞ்சிப் போட்டாலும் கெடுதல் என்பதைப் பலர் நம்புவதில்லை. தீனி அதிகமானால் ஈரலுக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. ஈரல் புரோஜெஸ்டிரானை வேகமாகக் கழித்துவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு விழுகிறது. இழை நீள வேண்டிய 11, 12-ம் நாளில் இது நடந்தால் சினை தவறும். ஆஸ்திரேலியாவில் பார் என்பவரும் குழுவினரும் 1987-ல் இதைக் காட்டினார்கள். கிடா விட்ட நாளிலிருந்து ஒரு மாதம் ஒரே அளவில் போடுங்கள்.

வெயில் முதல் மூன்று நான்கு நாள் கருவை அதிகம் தாக்கும். அந்த நாட்களில் உச்சிவேளை மேய்ச்சலைத் தவிர்த்து நிழலில் கட்டுங்கள், தண்ணீர் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். லாரி ஏற்றம், நாய் துரத்தல், குளிப்பாட்டுதல் எல்லாவற்றையும் முதல் ஒரு மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். கிடை பிழைப்பாயிற்றே என்பீர்கள். புரிகிறது. அப்படியானால் கிடைக்குப் போய்த் திரும்பிய பிறகு கிடா விடுங்கள், அல்லது கிடா விட்டு இரண்டு மாதம் கழித்துப் போங்கள்.

இரண்டு மாதம் என்பதற்குக் கணக்கு உண்டு. செம்மறியில் 50, 55-ம் நாள் வாக்கில் கொடியே போதிய புரோஜெஸ்டிரான் சுரக்கத் தொடங்கிவிடும். மஞ்சள் உடல் போனாலும் சினை நிற்கும். வெள்ளாட்டில் அப்படியில்லை. குட்டி போடும்வரை மஞ்சள் உடல்தான் சினையைத் தாங்குகிறது. இரண்டையும் ஒரே பட்டியில் வைத்திருப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

அடுத்த முறை நோட்டோடு இன்னொன்றும் செய்யுங்கள். செங்காவியை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் பூசுங்கள். ஏறிய பெட்டையின் பின்புறத்தில் நிறம் ஒட்டும், இரவில் நடந்ததும் காலையில் தெரியும். 16 நாளுக்கு ஒரு முறை நிறத்தை மாற்றுங்கள். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போனால் பழைய கறையோடு குழம்பாது.

அந்த 3 பெட்டைகளை இப்போதைக்கு விற்காதீர்கள். மறுபடி கிடா சேர்ந்த நாளிலிருந்து 40 நாள் கழித்து ஸ்கேன் பார்த்துவிடுங்கள். கையோடு, திரும்பி வராத மற்ற 31 பெட்டைகளையும் பாருங்கள். மருந்து ஊற்றிய வாரத்தில் அவற்றில் சினை ஆகியிருந்தவற்றின் கருவுக்கும் சில நாள் முதல் மூன்று வாரம் வரை வயது. அவை போடும் குட்டிகளின் கால், முதுகெலும்பு எப்படி இருக்கிறது என்று பிறந்த அன்றே பார்த்து, தாயின் எண்ணோடு அதே நோட்டில் எழுதி வையுங்கள்.